‘இருக்கலாம்’ என்றேன், ‘உண்டு’ என்று எழுதினார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு வாசகர் கடிதம் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். உளவு, பயங்கரவாதம், பாதுகாப்பு இதெல்லாம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிக்கிற விஷயமா, அது போலீஸும் ராணுவமும் பார்க்க வேண்டிய வேலை, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது பாம்புக்குப் பால் வார்ப்பது போல என்று எழுதியிருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. 2 வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் என் மகள் இப்போது அந்தப் படிப்பைத்தான் படிக்கிறாள். அவளால் எனக்கு விளங்கியது ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தில் டேலி கிளார்க்காக 34 வருடம் வேலை பார்த்து 2020இல் ஓய்வு பெற்றேன். டேலி கிளார்க் என்றால் பலருக்குத் தெரியாது. கப்பலில் இருந்து இறங்குகிற சரக்கையும் ஏறுகிற சரக்கையும் பக்கத்தில் நின்று எண்ணி எழுதுகிறவன். மூட்டைச் சரக்கு என்றால் ஒவ்வொரு தூக்குக்கும் இத்தனை மூட்டை என்று கோடு போட வேண்டும். நாலு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. கிழிந்த மூட்டையும் நனைந்த மூட்டையும் தனிப் பத்தியில். கண்டெய்னர் பெருகிய பிறகு வேலை மாறியது. பெட்டி நம்பர், சீல் நம்பர், சீல் அறுந்திருக்கிறதா, பெட்டி நசுங்கியிருக்கிறதா, அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. அதனால் கப்பல் காகிதத்தில் சரக்கின் பெயருக்கு முன்னால் ‘செட் டு கண்டெய்ன்’ என்று மூன்று சொல் இருக்கும். உள்ளே இன்னது இருப்பதாக அனுப்பியவர் சொல்கிறார், நாங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் சீனியர் சொல்லிக் கொடுத்தது இதுதான்: கண்ணால் பார்த்ததை ஒரு இடத்தில் எழுது, காதால் கேட்டதை இன்னொரு இடத்தில் எழுது, ரெண்டையும் கலக்காதே.

என் மகள் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு முடித்துவிட்டு, முதுகலைக்கு ‘டிஃபென்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டஜிக் ஸ்டடீஸ்’, அதாவது நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய படிப்பு, எடுக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் யாருக்கும் புரியவில்லை. என் அக்கா, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா துப்பாக்கிப் படிப்பு?” என்று கேட்டார். தெருவில் ஒருவர், இதைப் படித்தால் நேராக ஐ.பி.யில் வேலையா என்று விசாரித்தார். அப்படி ஒன்றும் இல்லை. மத்திய உளவுத் துறையான ஐ.பி.யின் அதிகாரி தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம், அதற்கு இந்தப் படிப்புதான் வேண்டும் என்றில்லை. வேலைக்காக எடுத்தாயா என்று மகளிடம் கேட்டேன். “வேலையும் வேணும்பா. ஆனா நம்ம ஏரியாவைப் பத்தி யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதுறாங்க இல்ல, அது எப்படி எழுதுறாங்கன்னு எனக்குத் தெரியணும்” என்றாள். சரி, படி என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நோட்டைப் பிரித்து வைத்து ஒரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னம்மா அது என்று கேட்டேன். உளவுத் தகவலுக்கு மதிப்பெண் போடும் முறை என்றாள். தகவல் சொன்ன ஆளுக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து. முழுக்க நம்பத் தகுந்தவர் என்றால் ஏ, நம்பலாமா கூடாதா என்று சொல்லவே முடியாதவர் என்றால் எஃப். அவர் சொன்ன செய்திக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். வேறு வழியிலும் உறுதியானது என்றால் 1, உண்மையா இல்லையா என்று தீர்மானிக்கவே முடியாது என்றால் 6. பிரிட்டிஷ் கடற்படையில் தொடங்கி இன்றைக்குப் பல நாட்டு ராணுவங்களிலும் போலீஸிலும் இருக்கிற முறையாம். ஆளுக்குத் தனி, செய்திக்குத் தனி. நல்லவன் சொன்னான் என்பதற்காகச் செய்தி உண்மையாகிவிடாது, கெட்டவன் சொன்னான் என்பதற்காகப் பொய்யாகிவிடாது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது எங்கள் ‘செட் டு கண்டெய்ன்’ அல்லவா! அதே நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது. 1991இல் நடந்த ஒன்றை, என் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாததை, அன்றைக்கு மகளிடம் சொன்னேன்.

அப்போது எங்கள் வீட்டு முன்பக்க அறையில் ஓர் இலங்கைத் தமிழர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், தையல் வேலை. மனைவி, 6 வயதில் ஒரு பெண் குழந்தை. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். என் காக்கி பேண்ட்டை அவர்தான் தைத்துக் கொடுப்பார், காசு கொடுத்தால் பாதியைத் திருப்பிக் கொடுப்பார். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு இந்த ஊரில் இலங்கைத் தமிழ் பேசுகிறவர்கள் வாயைத் திறக்கவே பயந்தார்கள். அந்தக் குழந்தை கடையில் மிட்டாய் கேட்கும்போதுகூட விரலால் காட்டித்தான் கேட்கும்.

ஜூன் மாதம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் சீருடையில், ஒருவர் சாதாரண உடையில். எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை, அது இப்போது முக்கியமில்லை. நான் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். எழுப்பிக் கேட்டார்கள். எவ்வளவு நாளாக இருக்கிறார், என்ன வேலை, யார் அறிமுகம். எல்லாவற்றுக்கும் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியாக, “ராத்திரியில ஆளுங்க வந்து போவாங்களா?” என்று கேட்டார். நான், “இருக்கலாம் சார், நான் நைட் ஷிப்ட் போறவன்” என்றேன். அவர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். 5 நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரண்டு நாள் கழித்து அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். 11 நாள். என் அம்மா தினமும் டிபன் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு போவார். முதல் 3 நாள் உள்ளே வாங்கவில்லை. அந்த ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்த ஏட்டு என் மாமாவுக்குத் தெரிந்தவர். அவரிடம் மாமா போய்ச் சொல்லிப் பார்த்தபோது, “நாங்க என்ன பண்றது, உங்க மருமகனே சொல்லியிருக்காரே” என்றாராம். ‘இரவு நேரங்களில் அடையாளம் தெரியாத நபர்கள் வந்து செல்வது உண்டு என வீட்டு உரிமையாளர் மகன் கூறினார்’ என்று எழுதியிருந்ததாம்.

யார் வந்தார்கள் தெரியுமா? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்த தாய்மார்கள், கம்பெனி வேலை முடித்து, மீன் வியாபாரம் முடித்து, 9 மணிக்கும் 10 மணிக்கும் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வாசலில் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் மடித்து அடுக்கி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. கேட்டவருக்கும் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

அவர் திரும்பி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாதமே வீட்டைக் காலி செய்தார்கள். தையல் மிஷினை மீன்பாடி வண்டியில் ஏற்றும்போது நான் ஒரு பக்கம் பிடித்தேன். கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமுக்குப் போனதாகச் சொன்னார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தக் கட்டத்தைக் காட்டி, “அப்பா, உங்களுக்கு நான் பி போடுவேன். நீங்க சொன்னதுக்கு 6 போடுவேன். அந்த நோட்டுல ரெண்டையும் போட இடமே இல்லை, அதான்பா நடந்துச்சு” என்றாள். வாசகர் அன்பரே, இதைத்தான் அவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். வெடிகுண்டு எப்படிச் செய்வது என்று ஒரு வரிகூட அவளுடைய நோட்டில் கிடையாது. நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் அவள் சொன்னாள். ஷெர்மன் கென்ட் என்று ஒருவர், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர், பிறகு சி.ஐ.ஏ.வில் மதிப்பீடுகள் எழுதும் பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1951இல் யூகோஸ்லாவியா மீது சோவியத் தரப்பு படையெடுக்குமா என்று ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அதில் ‘கணிசமான வாய்ப்பு உண்டு’ என்கிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டிருந்தார்கள். படித்த உயர் அதிகாரி ஒருவர் அது நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார். கென்ட், படையெடுக்க 65, எடுக்காமல் இருக்க 35 என்றார். அதிகாரி அதிர்ந்துபோனார், அவர் மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் திரும்பிப் போய், சேர்ந்து அறிக்கை எழுதிய சகாக்களையே ஒவ்வொருவராகக் கேட்டால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். ஒரே சொல்லுக்கு எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆளாளுக்கு வேறு அர்த்தத்தில்! அதற்குப் பிறகுதான் அவர், ‘அநேகமாக’ என்றால் 75 சுமார், ‘கிட்டத்தட்ட நிச்சயம்’ என்றால் 93 சுமார் என்று சொல்லுக்கு எண் கட்டப் பாடுபட்டார். அவருக்கு ‘கணிசமான வாய்ப்பு’. எனக்கு ‘இருக்கலாம்’.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்றும் நினைக்க வேண்டாம். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 10 குறள். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாதபடி மூன்று பேரை அனுப்பி, மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு என்கிறார். முதல் குறளிலேயே ஒற்றையும் நூலையும் அரசனின் இரண்டு கண் என்று சேர்த்து வைக்கிறார். நூல் இல்லாத ஒற்று ஒற்றைக் கண். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறள்தான், எனக்கு அப்போது ஒரு பொருளும் படவில்லை.

அந்த ராஜீவ் கொலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 ஜனவரியில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மரண தண்டனையை உறுதி செய்தது, 3 பேருக்கு ஆயுளாகக் குறைத்தது, மற்ற 19 பேரை விடுவித்தது. தடா சட்டத்தில் சொல்கிற பயங்கரவாதச் செயல் என்ற பிரிவு இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. நாட்டையே உலுக்கிய கொலை, பெரிய பெரிய அதிகாரிகள் விசாரித்தது. அதிலேயே 26க்கும் 7க்கும் இடையில் இவ்வளவு தூரம். பயங்கரவாதம் என்றால் என்ன என்று உலகமே இன்னும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளவில்லை. அலெக்ஸ் ஷ்மிட் என்ற ஆய்வாளர் தேடித் திரட்டியபோது 109 வரையறைகள் கிடைத்தனவாம். ஐ.நா. சபையில் இதற்கென்று ஒரு பொது உடன்படிக்கை கொண்டுவர 1996 முதல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வரையறைதான் ஒருவனை 10 வருடம் சிறையில் வைக்கிறது அல்லது வீட்டுக்கு அனுப்புகிறது. இதைப் படித்து வாதம் செய்ய ஆள் வேண்டாமா?

எங்கள் பகுதிக்கு வருகிறேன். வடசென்னைக்கும் இந்தப் பாடத்துக்கும் உள்ள உறவு ரொம்பப் பழையது. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் வந்து குண்டு போட்டதில் துறைமுகப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கெட்டிக்காரப் பயலை ‘சரியான எம்டன்’ என்று சொல்வது அப்படி வந்ததுதான். 2014 மே 1ஆம் தேதி காலை சென்ட்ரலில் குவாஹாட்டி ரயிலில் இரண்டு குண்டு வெடித்து ஒரு இளம் பெண் இறந்துபோனார். எங்களுக்கு அன்று மே தின விடுமுறை, எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போய்வந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். ஆனால் நான் அதிகம் சொல்ல நினைப்பது மணலியைப் பற்றி.

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் வெடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2,750 டன் அமோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நமக்குச் செய்தி வந்தது: மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் கிட்டத்தட்ட 700 டன் அதே சரக்கு, சுங்கத் துறை 2015இல் பிடித்து வைத்தது, 5 வருடமாக இருக்கிறது என்று. நான் ஓய்வு பெற்ற வருடம் அது. அமோனியம் நைட்ரேட் பெட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் நிறத்தில் டைமண்ட் வடிவ ஸ்டிக்கர், நடுவில் வட்டத்தின் மேல் தீ எரிகிற படம், கீழே 5.1 என்று எண். பக்கத்தில் ஐ.நா. எண் 1942. தானாக எரியாது, எரிகிற தீயை ஊதிப் பெரிதாக்கும் இனம். பெரிய சூடும் அடைப்பும் சேர்ந்தால் வெடிக்கும். அந்த ஸ்டிக்கரை வாசலில் இருந்தே பார்க்கலாம். பிறகு அவசர அவசரமாக ஏலம் விட்டு ஐதராபாத்துக்கு லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். நல்ல வேளை.

இதில் யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. சுங்கத்தின் பதிவேட்டில் இருந்தது, கிடங்கின் பதிவேட்டில் இருந்தது, வழக்குக் கட்டில் இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் எண்ணெய் ஆலையும் குடியிருப்பும் இருக்கிறதே என்று பார்க்கிற ஆள்தான் இல்லை. பெய்ரூட் வெடித்த பிறகுதான் பார்த்தார்கள். ராபர்ட்டா வோல்ஸ்டெட்டர் என்ற அமெரிக்க அம்மையார் ஹவாய்த் தீவில் அமெரிக்கக் கடற்படைமீது 1941இல் ஜப்பான் நடத்திய பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பற்றி 1962இலேயே ஆராய்ந்து இதையே சொல்லியிருக்கிறாராம். தகவல் இல்லாமல் ஏமாறவில்லை, தேவையில்லாத சத்தத்துக்கு நடுவில் தேவையான குரல் காதில் விழவில்லை என்று. இந்தப் பாடத்தை மணலியில் இருந்து பஸ் ஏறிப் போகிற ஒரு மாணவன் படித்தால், அவனுக்கு அது ஹவாய்க் கதையாகவா இருக்கும்?

பாதுகாப்பு என்றால் குண்டும் துப்பாக்கியும் மட்டும் இல்லை என்பதையும் இந்தப் படிப்பு சொல்கிறது. 1994இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கையில் மனிதப் பாதுகாப்பு என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். சோறு, உடல்நலம், சுற்றுச்சூழல் எல்லாம் அதில் அடக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் படகெல்லாம் கறுத்துப் போனதையும், அதே மாதம் ஒரு நள்ளிரவில் அமோனியா வாடை தாங்காமல் பெரியகுப்பத்துப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்ததையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காசிமேட்டில் என் மச்சான் விசைப்படகு வைத்திருக்கிறார். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். வந்த 10 பேரும் நடுக்கடலில் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதில் இருந்தவர்களைக் கொன்றுவிட்டுத்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு கடலோரம் முழுக்க மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை, படகுக்கு நிறம், பாதுகாப்பு ஒத்திகை எல்லாம் வந்தன. தேவைதான், மறுக்கவில்லை. மீனவர்கள்தான் கடலோரத்தின் கண்ணும் காதும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சந்தேகம் என்றால் 1093க்கு அடியுங்கள் என்றார்கள். மச்சான் இரண்டு முறை அடித்திருக்கிறார். சொன்ன தகவல் என்ன ஆனது என்று ஒரு முறைகூட அவருக்குத் திரும்பி வரவில்லை. “நான் சொன்னது சரியா தப்பான்னு தெரிஞ்சாத்தானே அடுத்த தடவை சரியா பார்ப்பேன்?” என்கிறார். என் மகள் தன் ஆய்வுக் கட்டுரைக்கு இதைத்தான் எடுத்திருக்கிறாள். கரையில் இருந்து தகவல் மேலே போகிறது, கரைக்கு என்ன திரும்புகிறது? இந்தக் கேள்வி டெல்லியில் உட்கார்ந்தால் தோன்றாது, ஏலம் விடுகிற இடத்தில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தால்தான் தோன்றும்.

அன்பர் சொன்ன ஆபத்தில் ஒன்று உண்மை. இந்தப் படிப்பைப் படிக்கிற பிள்ளைக்கே ஆபத்து இருக்கிறது. என் மகளோடு படிக்கிற பையன் ஒருவன், நம் பகுதிதான், முஸ்லிம் வீட்டுப் பையன். தீவிர இயக்கங்களின் பிரசுரங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி நூலை நூலகத்தில் எடுக்க வேண்டியிருந்தது. தன் பெயரில் எடுக்கப் பயந்து என் மகளை எடுக்கச் சொன்னான். அவன் அம்மா செய்த சத்தியமாம், அந்த மாதிரிப் புத்தகம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று. நான் அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 2008இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், தன் முதுகலை ஆய்வுக்காக அமெரிக்க அரசின் இணையதளத்திலேயே இருந்த அல் காய்தா ஆவணம் ஒன்றைப் பதிவிறக்கினார். பயங்கரவாதச் சட்டத்தில் பிடித்து 6 நாள் வைத்திருந்து, வழக்குப் போடாமல் விட்டார்கள். 2011இல் போலீஸ் அவருக்கு 20,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அங்கேயே இப்படி என்றால், இங்கே பயங்கரவாத வழக்குகளுக்குப் போடுகிற யூ.ஏ.பி.ஏ. சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேப்பரில் படிக்கிற ஒரு தாய் பயப்படாமல் என்ன செய்வாள்?

ஆனால் அந்தப் பையன் படிக்காமல் போனால் யாருக்கு நஷ்டம்? யார்மேல் சந்தேகம் அதிகம் விழுகிறதோ அவர்கள் வீட்டுப் பிள்ளை இந்தத் துறையில் இல்லாமல் போவான். அப்புறம் அறிக்கை எழுதுகிறவர் எல்லோரும் ஒரே மாதிரித் தெருவில் இருந்து வந்தவர்களாக இருப்பார்கள். வாசலில் மடித்து வைத்த நீலப் பாவாடை அவர்கள் கண்ணுக்கு எப்படிப் படும்?

ஆகவே நான் கேட்பது இது. இந்தப் படிப்பு இந்தியாவில் இல்லாமல் இல்லை. குஜராத்தில் காந்திநகரில் 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகமே வந்துவிட்டது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுத் துறையும் குற்றவியல் துறையும் இருக்கின்றன. ஆனால் வியாசர்பாடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு பாடம் இருப்பதே தெரியாது. என் மகளுக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. இந்தப் பகுதிக் கல்லூரிகளில், தனிப் பட்டமாக முடியாவிட்டாலும், வரலாறும் அரசியலும் படிக்கிறவர்களுக்கு ஒரு விருப்பப் பாடமாகவாவது கொண்டுவர வேண்டும். தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். இப்போது நல்ல புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ‘வாய்ப்பு’, ‘சந்தேகம்’, ‘ஆதாரம்’ என்ற சொற்களுக்கு எடை பார்க்கிற பாடத்தைத் தாய்மொழியில் படிக்காமல் எந்த மொழியில் படிப்பது? விசாரணை நடப்பது தமிழில், வாக்குமூலம் எழுதுவது தமிழில்.

பாடம் எடுக்க ஓய்வு பெற்ற அதிகாரிகளை மட்டும் கூப்பிட்டால் போதாது. வழக்கறிஞரும் வர வேண்டும், விசாரணை என்ற பெயரில் உள்ளே இருந்துவிட்டு வந்தவரும் வந்து பேச வேண்டும், காசிமேட்டு மீனவரும் வர வேண்டும். ஆய்வுக்காக இன்ன நூலைப் படிக்கிறார், இன்னாரைச் சந்திக்கிறார் என்று துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், நாங்கள் துறைமுகத்துக்குள் நுழைய பாஸ் வைத்திருந்த மாதிரி. அந்தப் பையனின் அம்மாவுக்கு அந்தத் தாளைக் காட்டினால் புத்தகம் வீட்டுக்குள் வரும்.

காவல் பணிக்குச் சேரும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு பங்காவது பயிற்சியில் இருக்கட்டும். அன்றைக்கு என்னைக் கேட்டவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. அவர் கையில் இருந்த நோட்டில் ‘பார்த்தது’ என்று ஒரு பத்தியும் ‘சொன்னது’ என்று ஒரு பத்தியும் இருந்திருந்தால் என் வார்த்தை அதன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். 50 பைசாவுக்கு வாங்கிய நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தால் போதும்.

அந்தத் தையல்காரர் இப்போது இருக்கிறாரா என்று தெரியவில்லை. குழந்தைக்கு 40 வயதை ஒட்டி இருக்கும். இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட்டால், அம்மா, அன்றைக்கு ‘இருக்கலாம்’ என்று சொன்னவன் நான்தான். தெரியாது என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பா தைத்துக் கொடுத்த காக்கி பேண்ட் ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இப்படிக்கு,
துறைமுக டேலி கிளார்க் (ஓய்வு),
ராயபுரம், சென்னை-13.